புல்லின் பெயரறியா நாட்டுப்பற்று

சென்ற ரபீஉல் அவ்வல் மாதத்தில், நம் ஓசூர் வட்டாரத்து ஊரொன்றில் மீலாது விழாவையொட்டி மாணவர்க்கெனக் கவிதைப் போட்டி நடத்தப்பெற்றது. தலைப்பு 'தாய்நாடு'. நடுவர் மூவருள் அடியேனும் ஒருவன். அரபி மதரஸாவில் ஓதிப் பின்னர்த் தமிழும் கற்றுக் கற்பித்து வருபவன் என்பதனால் இத்தகைய அழைப்புகள் எனக்கு வருவதுண்டு. வந்திருந்த கவிதைகளை ஒவ்வொன்றாகப் படித்தோம். எல்லாவற்றிலும் மூவர்ணக் கொடி பறந்தது. எல்லாவற்றிலும் இமயம் நிமிர்ந்து நின்றது. கங்கை பெருகி ஓடியது. விடுதலைப் போரில் உயிர் ஈந்த நம்மவர் பெயர்கள் வரிசையாக வந்தன. இறுதியில் உயிரைத் தருவேன், உதிரத்தைத் தருவேன் என்னும் சூளுரை. எழுதிய பிள்ளைகளில் ஒருவரேனும் கங்கையைக் கண்டிருப்பாரா என்பது ஐயமே. தாம் நாள்தோறும் பேருந்தில் கடந்துசெல்லும் தென்பெண்ணையை அவர்களுள் எவரும் நினைக்கவில்லை.

ஒரேயொரு பையன் நினைத்திருந்தான். தந்தை தொழிற்சாலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. அவன் எழுதியது இருபது வரிகூட இராது. மாலையில் தனியாகக் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறான்; மதகு வழியே நீர் வெளியேறும்போது நுரை மலைபோல் எழுகிறது; காற்று அதைப் பிய்த்துக்கொண்டுபோய்க் கரையோரத்துக் கேழ்வரகுப் பயிரின்மேல் போடுகிறது; இந்த ஆற்றில் தான் சிறுவனாய் இருந்தபோது முங்கிக் குளித்ததாக வாப்பா சொல்வார்; நான் கால் நனைக்காமல் திரும்பி வந்தேன். அவ்வளவே. யாப்பு இல்லை, எதுகை ஓரிடத்தில் தானாக விழுந்திருந்தது. அதைப் படித்ததும் உடனமர்ந்த நடுவர் ஒருவர், "இதில் தாய்நாடு எங்கே?" என்றார். மற்றவர், "இதில் மார்க்கம் எங்கே?" என்றார். தாள் கீழே போயிற்று. கொடி பறந்த கவிதையொன்றுக்கு முதற்பரிசு. நான் வாய் திறக்கவில்லை. முடிவுத்தாளில் மூன்றாவது கையொப்பம் என்னுடையது.

இக்கட்டுரை அந்தக் கையொப்பத்துக்கு நானே எழுதும் மறுப்பு. அவ்விரு பெரியவர்களும் நல்லவர்கள். அவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர்கள் கேட்ட இரண்டு கேள்விகளும் அவர்களுடையவை மட்டுமல்ல. நம் மேடைகளிலும் நம் இதழ்களிலும் பல்லாண்டுகளாகக் கேட்கப்பட்டு வருபவை. நம் கவிதையை மெல்ல மெல்லக் கொன்றுகொண்டிருப்பவையும் அவையே.

தாய்நாடு எங்கே என்றார். கருநாடகத்து நந்தி மலையில் தோன்றி, அங்கே தட்சிண பினாகினி என்று பெயர் பெற்று, பெங்களூரின் கழிவையெல்லாம் தலையில் சுமந்துகொண்டு, ஓசூருக்கு அருகே நம் எல்லைக்குள் நுழைகிற ஆறு இது. கிருட்டிணகிரி அணையில் தங்கி, சாத்தனூரில் தங்கி, கடலூரை அடுத்துக் கடலில் கலக்கிறது. கிருட்டிணகிரி அணை திறக்கப்பட்ட 1957ஆம் ஆண்டுக்குப் பின் இவ்வட்டாரத்துக் கழனிகளில் எத்தனை கிணறுகள் ஊறின, எத்தனை வீடுகளில் நெல் புழங்கத் தொடங்கிற்று என்பதை நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது தாய்நாடு இல்லையென்றால், வரைபடத்தில் வண்ணம் தீட்டிய ஒரு தாள்தானா தாய்நாடு?

உண்மையைச் சற்று வெளிப்படையாகவே பேசுவோம். நம் பிள்ளைகள் 'தாய்நாடு' என்றதும் கொடியையும் தியாகிகளின் பட்டியலையும் ஏன் எடுக்கிறார்கள்? அவர்கள் எழுதுவது கவிதையன்று, நன்னடத்தைச் சான்றிதழ். எவரோ ஒருவர் எதிரே அமர்ந்து, 'நீ இந்நாட்டவன்தானா?' என்று கேட்பதாகவும், அவருக்குத் தாம் மறுமொழி கூறுவதாகவும் எண்ணியே பேனாவைத் திறக்கிறார்கள். அப்படிக் கேட்போர் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. கேட்பவர்க்கு விடை சொல்ல வரலாறு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, ஆவணங்கள் இருக்கின்றன, முன்னோர் கபுறுகள் இருக்கின்றன. கவிதையையும் அந்த வரிசையில் கைகட்டி நிற்க வைக்க வேண்டுமா? தன் தாயை நேசிப்பவன் அதற்குச் சாட்சி தேடி அலைவதில்லை. அவளுடைய கைம்மணம் எத்தகையது, அவள் இருமும் ஓசை எத்தகையது என்பது அவனுக்குத் தெரியும். அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது. மற்றவர்க்குத் தெரிந்தது தாயின் புகைப்படம்.

இங்கே நம் மேடைப் பேச்சாளர்கள் ஒரு வாசகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்: 'ஹுப்புல் வதன் மினல் ஈமான்', நாட்டை நேசித்தல் ஈமானின் பாற்பட்டது என்பது. சுதந்திர தினத்தன்றும் குடியரசு தினத்தன்றும் இதை நபிமொழி என்று கூறாத பேச்சாளர் அரியர். ஹதீஸ் கலை ஓதியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவ்வாசகம் நபிமொழியன்று. லாகூரில் பிறந்து ஹிஜ்ரி 650இல் மறைந்த இமாம் ஸகானி அவர்கள், இட்டுக்கட்டப்பட்டவை என்று தாம் தொகுத்தவற்றுள் இதனையும் சேர்த்தார்கள். இமாம் ஸகாவி அவர்களோ, இதன் பொருள் சரியானதே எனினும் இது நபிமொழியாக எங்கும் தமக்குக் கிட்டவில்லை என்று எழுதினார்கள். நாயகம் (ஸல்) சொல்லாததைச் சொன்னதாகச் சொல்வதன் பாவத்தை ஆலிம்களுக்கு நான் எடுத்துரைக்கத் தேவையில்லை. நம் நாட்டுப்பற்றுக்கு ஒரு பொய்யான ஸனது எதற்கு? மெய்யான ஸனது கையில் இருக்கும்போது?

மெய்யான சான்று ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. ஹிஜ்ரத் முடிந்து மதீனாவுக்கு வந்த புதிதில் அபூபக்கர் (ரலி) அவர்களும் பிலால் (ரலி) அவர்களும் காய்ச்சலில் விழுந்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நலம் விசாரிக்கச் சென்றார்கள். காய்ச்சல் சற்றே விட்டதும் பிலால் (ரலி) குரலெடுத்துப் பாடினார்கள். அதில் கஅபா இல்லை. குறைஷியரின் பெருமை இல்லை. 'மக்காவே, உனக்காக உயிர் தருவேன்' என்ற சூளுரை இல்லை. இருந்தவை இரண்டு புல்லின் பெயர்கள்: இத்கிர், ஜலீல். ஒரு நீர்நிலையின் பெயர்: மஜன்னா. இரண்டு குன்றுகளின் பெயர்கள்: ஷாமா, தஃபீல். அந்தப் புற்கள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இன்னுமோர் இரவு கழிப்பேனா என்னும் ஏக்கம். அவ்வளவுதான்.

யார் இப்படி ஏங்குகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். பிலால் (ரலி) அபிசீனிய வழியினர். மக்காவில் அடிமையாய் இருந்தவர். அந்த ஊரின் சுடுமணலில்தான் அவரைக் கிடத்தி நெஞ்சில் கல்லேற்றினார்கள். அந்த ஊர் மக்கள்தாம் அவரை வெளியேற்றினார்கள். ஆயினும் அந்த ஊரின் புல் அவருக்குப் பகையாகவில்லை. ஆண்டவர்களின் கொடுமை வேறு, மண்ணின் உறவு வேறு என்பதை அந்தக் காய்ச்சல்காரரின் பாட்டைவிடத் தெளிவாகச் சொன்ன நூலை நான் கண்டதில்லை. இதனைக் கேள்வியுற்ற நாயகம் (ஸல்) அவர்கள், 'இதெல்லாம் என்ன புலம்பல்?' என்று கடிந்தார்களா? இல்லை. மக்காவை நேசித்ததுபோல், அதற்கும் மேலாக மதீனாவை எங்களுக்கு நேசமாக்கித் தா என்று இறைவனிடம் இறைஞ்சினார்கள். பழைய ஊரின் நேசத்தை அளவுகோலாக வைத்தே புதிய ஊரின் நேசத்தை வேண்டினார்கள். பின்னர் நாயகம் (ஸல்) பயணத்திலிருந்து திரும்புகையில் மதீனாவின் சுவர்கள் கண்ணிற்பட்டதும் ஒட்டகத்தை விரைவுபடுத்துவார்கள் என்றும் புகாரியில் வருகிறது. அதற்கு உரை வரைந்த இமாம் இப்னு ஹஜர் அவர்கள், தாயகத்தை நேசிப்பதும் அதற்காக ஏங்குவதும் மார்க்கத்தில் ஆகும் என்பதற்கு இதனையே ஆதாரமாகக் கொண்டார்கள். திருமறையில் அந்நிஸா அத்தியாயத்தின் 66ஆம் வசனம், ஒருவன் தன்னை மாய்த்துக்கொள்வதையும் தன் இல்லம் விட்டு வெளியேறுவதையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுவதையும் சிந்திப்போர் சிந்திக்கட்டும்.

இத்கிர் எத்தகைய புல் என்று மாணவனாய் இருந்த காலத்தில் என் உஸ்தாதிடம் கேட்டேன். நம் எலுமிச்சைப்புல்லின் இனம், மணம் உடையது என்றார்கள். ஹரம் எல்லைக்குள் செடி கொடிகளை வெட்டலாகாது என்று தடுக்கப்பட்டபோது, அப்பாஸ் (ரலி) அவர்கள் குறுக்கிட்டு, 'இத்கிரைத் தவிர என்று சொல்லுங்கள். அது எங்கள் வீடுகளுக்கும் கொல்லர்களுக்கும் வேண்டும்' என்று கேட்க, அதற்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. கூரைக்கும் உலைக்கும் கபுறுக்கும் பயன்பட்ட ஏழைப் புல். பிலாலின் பாட்டில் முதலில் வந்தது அதுதான்.

நம் கவிஞர்களோ பேரீச்சையைப் பாடுகிறார்கள். வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஓசூரிலிருந்து கிருட்டிணகிரி வரை ஏரிக்கரைதோறும் ஓடைதோறும் நிற்கிற ஈச்சமரம் யாருடைய மரம்? பேரீச்சையின் உடன்பிறப்பு அது. அதன் ஓலையில் நம் பெண்கள் பாய் முடைந்தார்கள், துடைப்பம் கட்டினார்கள். அதன் சிறுபழத்தை நம் பிள்ளைகள் கல்லெறிந்து தின்றார்கள். ஸ்பெயின் நாட்டில் ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் ஆட்சி நிறுவிய முதலாம் அப்துர் ரஹ்மான், குர்துபாவுக்கு அருகே தம் ருஸாஃபா தோட்டத்தில் தனித்து நின்ற பேரீச்சையைப் பார்த்து, நீயும் என்னைப்போல் ஊர் விட்டு வந்தவள் என்று பாடியதாக வரலாறு கூறும். அந்த மரம் அவர் கண்முன் நின்றது, அதனால் பாடினார். நம்மவர் கண்முன் நிற்பதை விட்டுவிட்டுக் கண்ணில் படாததைப் பாடுகிறார்கள். வீட்டில் உருது பேசும் நம் சகோதரர்களின் கஸல்களிலும் இதே கதைதான். பாரசீகத்துப் புல்புல் வேறு பறவை. நம் வேலியில் அமர்ந்து கத்துகிற கொண்டைக்குருவியை அந்தப் புல்புலாகவே பாவித்துக்கொண்டு, அதன் உண்மையான குரலை இரண்டு நூற்றாண்டுகளாகக் கேளாமலே இருந்துவிட்டோம்.

'அரபு நாட்டைப் பாடுவது நம் மரபு. உமறுப் புலவர் பாடவில்லையா?' என்பார்கள். நன்றாகக் கேட்டீர்கள். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த உமறுப் புலவர், சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டுக்கு எதைக் கொடுத்தார்? மழையைக் கொடுத்தார். மலையிலிருந்து இறங்கிக் குறிஞ்சி, முல்லை, மருதம் என்று நிலந்தோறும் புரண்டோடும் ஆற்றைக் கொடுத்தார். நாற்று நடவையும் நெற்போரையும் கொடுத்தார். இதனைக் கண்டு, 'பாலைவனத்தில் நெல் ஏது?' என்று நகைப்பவர்கள் இன்றும் உளர். நகைப்பவர்கள் ஒன்றை அறியார். தாம் காணாத நாட்டைப் பாட நேர்ந்தபோது, தாம் கண்ட நாட்டை அந்த நாயகத்தின் காலடியில் விரித்தார் புலவர். தம்மிடம் இருந்தவற்றுள் சிறந்தது அதுவே என்பதை உணர்ந்திருந்தார். அவர் அரபு நாட்டைத் தமிழ் நிலமாக்கினார். நாம் தமிழ் நிலத்தில் நின்றுகொண்டே அதனைப் பாலைவனமாக்குகிறோம்.

இனி, அந்தப் பையனின் கவிதையில் இருந்த மற்றொரு குற்றம்: தனிமை. மார்க்கம் எங்கே என்று கேட்ட பெரியவர் பின்னர் விளக்கினார்: 'ஆற்றங்கரையில் ஒற்றையில் நின்று கவலைப்படுவது துறவியர் வேலை; நமக்கு ஜமாஅத்தே வாழ்க்கை.' இதே குற்றச்சாட்டை முற்போக்கு அணியைச் சேர்ந்த நண்பர் ஒருவரும் வேறு சொற்களில் என்னிடம் கூறியதுண்டு: மக்கள் போராடும்போது தனியே நின்று நீரைப் பார்ப்பவன் சுகவாசி என்று. பள்ளிவாசலும் கட்சி அலுவலகமும் ஒத்துப்போகும் இடங்கள் குறைவு. கவிஞனைத் தனியே விடக்கூடாது என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன!

இந்தக் குற்றச்சாட்டு நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. வியட்நாம் நாட்டிலும் நேர்ந்தது. வியட்நாம் நமக்கு அத்துணைத் தொலைவும் அன்று. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் காரைக்கால், நாகூர்ப் பக்கத்து நம்மவர் கடல் கடந்து சைகோனில் கடை வைத்தார்கள். அந்நகரின் டோங் டூ தெருவில் 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. அதே காலத்தில் அந்நாட்டில், சீன மரபின் பழைய யாப்பை உதறிவிட்டுப் புதுக்கவிதை இயக்கமொன்று 1932 முதல் எழுந்தது. அவ்வியக்கத்தார் பலர் தனிமையையே பாடினர். ஹுய் கான் என்பவர் அவர்களுள் ஒருவர். 1919இல் பிறந்தவர், ஹனோயில் வேளாண்மை படித்த மாணவர். 1939இல் செந்நதிக் கரையில் நின்று 'நெடுநதி' எனப் பொருள்படும் கவிதையொன்றை எழுதினார். மறு ஆண்டு வெளிவந்த அவரது முதல் தொகுதியில் அது இடம்பெற்றது. ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் நான் படித்தேன். எனினும் அதன் காட்சி என்னை விட்டு அகலவில்லை. அகன்ற ஆறு, அதில் காய்ந்த ஒற்றைச் சுள்ளி மிதந்து போகிறது, நீர்ச்செடிகள் வரிசையாய் எங்கோ போகின்றன, ஓடம் இல்லை, பாலம் இல்லை. பழைய சீனக் கவிஞரொருவர், மாலையில் ஆற்றின்மேல் படரும் புகையைக் கண்டு ஊரை நினைத்து வருந்தினார். இவரோ, அந்தப் புகையும் இல்லாமலே எனக்கு ஊர் நினைவு வருகிறது என்று முடிக்கிறார்.

இதிலுள்ள விந்தையைப் பாருங்கள். அவர் நிற்பது தம் நாட்டின் ஆற்றங்கரையில். நாட்டை விட்டு அவர் எங்கும் போகவில்லை; நாடுதான் அவரிடமிருந்து போயிருந்தது. ஆள்பவர் பிரெஞ்சுக்காரர். தம் சொந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டே தம் ஊருக்காக ஏங்குகிற நிலை அது. அன்னிய ஆட்சியை எதிர்த்து ஒரு சொல்லும் அதில் இல்லை. ஆனால் அக்காலத்து வியட்நாமியர் பலர் அதில் தம் நெஞ்சைக் கண்டார்கள். 1942இல் ஹோவாய் தான் என்னும் திறனாய்வாளர் தம் சகோதரருடன் சேர்ந்து இக்கவிஞர்களைத் தொகுத்து நூலாக்கினார். பின்னர் வடக்கில் புரட்சி அரசு வந்தபோது, இவையெல்லாம் சிறுமுதலாளியப் புலம்பல்கள் என்று ஒதுக்கப்பட்டன. தேசம் போரிடும்போது சுள்ளியைப் பாடுவானேன் என்று கேட்டார்கள். நம் நடுவர் கேட்ட கேள்விதான்! ஹுய் கானே அப்புரட்சியில் கலந்து, அரசில் பொறுப்பு வகித்து, 1958இல் மீனவர்களின் உழைப்பை உவகையோடு பாடியவர். அந்தப் பாடலும் நல்ல பாடலே. ஆனால் 1986க்குப் பின் அந்நாட்டில் காற்று சற்றே திறந்து வீசியபோது ஒதுக்கப்பட்ட கவிதைகள் திரும்பி வந்தன; 'நெடுநதி' பள்ளிப் பாடநூலிலேயே இடம்பெற்றது. ஒரு மனிதர் தனியாக நின்று எழுதிய துயரத்தை இன்று ஒரு நாட்டின் பிள்ளைகள் தம் நாட்டின் ஆறாகக் கற்கிறார்கள்.

இதற்கு வியட்நாம் வரை போவானேன் என்று கேட்பீராயின், நம் வீட்டிலேயே இருக்கிறது. பறம்பு மலையை இழந்த பாரியின் மகளிர், சென்ற திங்கள் நிலவையும் இத்திங்கள் நிலவையும் பார்த்து எழுப்பிய துயரம் புறநானூற்றில் இருக்கிறது. மலையும் நிலவுமே அதில் முன்நிற்கின்றன. தமிழில் நாடிழந்தார் பாடிய பாட்டுகளில் அதற்கு நிகரானது பின்னர் எழவில்லை என்பது என் துணிபு.

மார்க்கத்தின் பெயரால் தனிமையை மறுப்பவர்களுக்கு விடை இன்னும் எளிது. வஹீ வருவதற்கு முன்னர் நாயகம் (ஸல்) அவர்களுக்குத் தனிமை நேசமாக்கப்பட்டது என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ், புகாரியின் முதல் ஏடுகளில் இருக்கிறது. ஹிரா குகையில் இருந்தபடியே கஅபாவை நோக்க முடிந்தது என்று பழைய உரையாசிரியர் சிலர் குறித்துள்ளனர். ஊரைத் துறந்து போன தனிமையன்று அது. ஊரை நோக்கி அமர்ந்த தனிமை. இமாம் கஸ்ஸாலி அவர்கள் தம் இஹ்யாவில் தனித்திருத்தலுக்கென ஒரு நூலையே ஒதுக்கி, அதன் நன்மைகளையும் கூடிவாழ்வதன் நன்மைகளையும் நிறுத்துப் பார்த்தார்கள். ஒன்றை எடுத்து மற்றதை எறியவில்லை. நம் குணங்குடி மஸ்தான் சாகிபு காட்டிலும் மலையிலும் தனித்திருந்தே பாடினார். அவர் பாடல்களை ராத்திபு மஜ்லிசுகளில் உருகி உருகிப் பாடுகிறோம். ஆனால் இன்று ஒரு பையன் தனியே அணைக்கரையில் நின்றால் மட்டும் மார்க்கம் எங்கே என்கிறோம்.

அந்தப் பையன் ஏன் அணைக்கரைக்குப் போகிறான் என்று எவரேனும் கேட்டோமா? சிப்காட் வந்தது 1970களில். அதன்பின் ஓசூர் ஊராக இருந்தது நகரமாகி, 2019இல் மாநகராட்சியும் ஆயிற்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசிய தெருக்களில் இன்று ஒடியாவும் இந்தியும் கேட்கின்றன. ஓர் அறையில் ஆறு பேர்; மூன்று ஷிப்டு; ஒருவன் எழுந்த பாயில் மற்றவன் படுக்கிறான். குடும்பத்தோடு வாழ்பவர்களுக்கும் ஓர் அறை, ஒரு திண்ணை. சங்கு ஊதினால் போக வேண்டும், ஊதினால் வர வேண்டும். அத்தகைய வாழ்வில் ஒரு மனிதன் தன்னோடு தான் பேச இடம் எங்கே இருக்கிறது? அணைக்கரையில் இருக்கிறது. அங்கே நுரை எழுகிறது. தனிமை தேடிப் போன இடத்தில் நாட்டின் நோயைக் கண்டு வந்து சொன்னான். கூட்டத்தில் இருந்த நம்மில் எவர் அதைக் கண்டோம்?

தனிமைக்கு இவ்வட்டாரத்தில் இன்னுமொரு வடிவம் உண்டு. சானமாவுக் காட்டை ஒட்டிய ஊர்களில் கேழ்வரகு முற்றும் காலத்தில் யானைகள் இறங்கும். உழவன் இரவெல்லாம் பரணில் தனித்துக் குந்தியிருப்பான். குறிஞ்சியில் தினைப்புனம் காத்தது பற்றி நூற்றுக்கணக்கான பாடல்களை மனப்பாடம் செய்விக்கிறோம். மார்கழிக் குளிரில் கம்பளி போர்த்திப் பரணில் இருப்பவனைப் பற்றி நம் இதழ்களில் ஒரு கவிதை வந்ததா?

'வதன்' என்பதை வழிபாட்டுக்குரியதாக்கிவிடக் கூடாது என்று இக்பால் எச்சரிக்கவில்லையா என்று கற்றறிந்தோர் கேட்பர். எச்சரித்தார். மண்ணைத் தெய்வமாக்கி அதன் பெயரால் மனிதரைப் பிரிக்கும் அரசியலை எச்சரித்தார். அந்தக் கவிதை இடம்பெற்ற 'பாங்கே தரா' தொகுதி வெளிவந்தது 1924இல். அத்தொகுதியின் முதற்கவிதை எது தெரியுமா? இமயத்தைப் பற்றியது. மலையடிவாரத்தில் ஒரு குடிசையில் அமைதியாக இருக்க விரும்பும் கவிதையும் அதே தொகுதியில்தான் இருக்கிறது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை மறைப்பது ஆய்வாகாது. உண்மையில், வதன் விக்கிரகம் ஆகிவிடாமல் காப்பது புல்லும் ஓடையுமே என்பேன். பெயரிட்டு அறிந்த ஒன்றை எவரும் விக்கிரகமாக்க இயலாது. அதற்குத் தண்ணீர் ஊற்றத்தான் இயலும்.

நம்மவருள் இதனை உணர்ந்து எழுதியவர் இல்லாமல் இல்லை. இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்குடியில் பிறந்த எம். ஏ. நுஃமான் தம் நிலத்து மழையையும் வயலையும் மனிதரையும் பாடினார். அவரது தொகுதியொன்றின் பெயரே 'மழைநாட்கள் வரும்' (1983). பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழுக்குக் கொணர்ந்தவரும் அவரே. பலஸ்தீனக் கவிஞர்கள் தம் நாட்டை எதனால் அறிந்தார்கள்? ஒலிவ மரத்தால் அறிந்தார்கள். 1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, அவர்கள் முகாம்களில் எதைச் சொல்லி அழுதிருப்பார்கள்? கொடியைச் சொல்லியா? முற்றத்து மரத்தையும் கிணற்றையும் சொல்லித்தானே!

எதிர்த்தரப்பின் வாதங்களில் ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பையனின் கவிதை செப்பமுடையதன்று. ஒற்றுப்பிழைகள் இருந்தன, நடுவில் நான்கு வரிகள் வெறும் செய்தி. பரிசு கொடுத்திருந்தாலும் திருத்தித்தான் கொடுத்திருக்க வேண்டும். ஆயின் திருத்தத் தகுந்தது அது ஒன்றே. மற்றவற்றில் பிழையே இல்லை. அச்சடித்த வாழ்த்து அட்டையில் பிழை இருப்பதில்லை அல்லவா?

விழா முடிந்த சில நாட்களில் அவனைத் தேடிக் கண்டுபிடித்தேன். கவிதையைத் திருப்பித் தாருங்கள் ஹஜ்ரத், படி எடுத்து வைக்கவில்லை என்றான். விழாக் குழுவினரிடம் கேட்டேன். பரிசு பெறாத தாள்களைப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். நினைவிலிருந்து திரும்ப எழுது என்றேன். எழுதித் தருகிறேன் என்றிருக்கிறான். இன்னும் வரவில்லை.

பிறரைக் கேட்ட கேள்வியை என்னையும் கேட்டுக்கொள்ள வேண்டுமல்லவா? இத்கிரின் பெயரையும் அதன் பயனையும் முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கு ஓதிக் கொடுக்கிறேன். சென்ற மாதம் தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் மலைச்சாலையில் பேருந்து பழுதாகி நின்றது. இறங்கி நடந்தேன். சரிவெங்கும் ஆளுயரத்துக்குப் புல். பல முறை இவ்வழியே போயிருக்கிறேன். அதன் பெயர் எனக்குத் தெரியவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டியிடம் கேட்டேன். என் தாடியையும் தொப்பியையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மஞ்சம்புல்லுங்க, பாய். கூரை வேயறதுக்கு இதத்தான் அறுப்போம்."